அரசுப் பதிவு பெற்றது

எரியோடு,
8-7-1985

அன்பில் குறைவில்லாத நாத்தனார் கனகாவுக்கு, உன் மதினி சோலையம்மாள் வரையும் மடல்.

இவ்விடத்தில் நானும் உன் அண்ணனும் தேக சுகத்துடன் இருக்கிறோம். திண்டுக்கல் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா, இரவில் உறக்கம் வருகிறதா என்பதை மறைக்காமல் எழுதுவாயாக.

சென்ற வெள்ளிக்கிழமை வேடசந்தூர் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒத்திப் பத்திரம் முறையாக நிறைவேறியது. என் தகப்பனார் எனக்கு எழுதிக்கொடுத்த அறுபது சென்ட் முருங்கைத் தோட்டத்தை முத்துச்சாமி அண்ணனிடம் ஏழாயிரம் ரூபாய்க்கு ஒப்படைத்துவிட்டேன். வட்டி கிடையாது. வட்டிக்குப் பதிலாக மூன்றாண்டு மகசூல் அவருக்கு. முதலைத் திருப்பிக் கொடுத்த அன்றே நிலம் என் கைக்கு வந்துவிடும். உன் முதலாண்டுக் கட்டணம் மூவாயிரம், இரண்டாம் ஆண்டுக்கு இரண்டாயிரத்து ஐநூறு, முதலாண்டு அறை வாடகை, சாப்பாடு, புத்தகம் ஆகியவற்றுக்கு ஆயிரத்து ஐநூறு என்று பிரித்து வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன் கடைசி நிமிடம் வரை மறுத்தார். அலுவலகத்து வேப்பமரத்தடியில் வைத்து, "ஏங் கலெக்டரம்மா, இம்புட்டுப் பணத்துக்கு நாலு பவுனு போட்டு அவளக் கட்டிக்குடுத்துரலாமே? ரத்தம், மூத்திரம் பாக்குற படிப்புக்கு வேல கெடைக்கும்னு எவன் சொன்னான்?" என்றார். நான் கல்லூரியின் விளக்கப் புத்தகத்தை விரித்து, முதற் பக்கத்தில் உள்ள வாக்கியத்தை முத்துச்சாமி அண்ணனும் கேட்கும்படி வாசித்தேன்: ‘இந்நிறுவனம் தமிழ்நாடு அரசின் பதிவு பெற்றது.’ கீழே எண்ணும் இருக்கிறது.

"புஸ்தகத்துல என்னத்தையும் போடுவான்."

"இந்த நிலம் என்னுடையது என்பதற்கு எது சாட்சி? பதிவுதானே? பதிவுக்கு மேல் இந்த ராஜ்ஜியத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். முத்துச்சாமி அண்ணன் சிரித்து, "தங்கச்சி வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்யா" என்றார். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட நான் அதைப் பெருமையாகவே ஏற்றுக்கொண்டேன்.

கணக்கு மிக எளிது. அரசு மருத்துவமனையில் ஆய்வக வேலை கிடைத்தால் மாதம் ஆயிரத்துக்குக் குறையாது. ஓராண்டில் ஒத்தி தீர்ந்துவிடும். ஆகவே மனத்தைச் சிதறவிடாமல் படிப்பாயாக.

உன் நலம் நாடும்,
பொ. சோலையம்மாள்


பேகம்பூர், திண்டுக்கல்,
21-7-1985

மதிப்பிற்குரிய மதினிக்குக் கனகா எழுதுவது.

நான் நலமாக இருக்கிறேன். உங்கள் நலத்தையும் அண்ணன் நலத்தையும் அறிய ஆசை. அண்ணனின் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டதா?

தண்ணீர் கொஞ்சம் உப்பு. பழகிவிட்டது. அறை கிடைத்தது என் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்கார அம்மா ஜெய்தூன் பீவி தனியாக இருக்கிறார். முதல் நாள் மாடியைத் திறந்து காட்டி, "சன்னலத் தொறந்தா காத்து வரும்மா, கொசுவும் வரும். ரெண்டுக்கும் சேத்துத்தான் நாப்பது ரூவா" என்றார். நான் சிரித்ததில் அவருக்கு என்னைப் பிடித்துவிட்டது. அவருடைய தம்பி நூர் முகமது என்பவர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இருபது வருடம் ஆய்வகத்தில் இருந்தவராம். இப்போது தெருமுனையில் சொந்தமாக ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறார்.

கல்லூரி ஒரு துணிக்கடைக்கு மேலே இருக்கிறது. முப்பத்தெட்டுப் பேர் படிக்கிறோம். நுண்ணோக்கி ஒன்றுதான். வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். எனக்கு முன்னால் நின்ற பெண் அந்த ஒரு நிமிடம் முழுவதும் இரு கண்ணையும் மூடிக்கொண்டே பார்த்தாள். கேட்டால், "ஒரு கண்ண மூடச் சொன்னாக, எந்தக் கண்ணுன்னு சொல்லல" என்கிறாள்.

நிலத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். நன்றாகப் படிப்பேன் மதினி.

அண்ணனுக்கு என் வணக்கம்.

கனகா


எரியோடு,
27-10-1985

பாசத்திற்குரிய கனகாவுக்கு மதினி எழுதுவது.

இங்கு இருவரும் சுகம். நீ காய்ச்சலில் படுத்திருந்ததை வேறொருவர் வாய்வழியாக அறிந்தேன். என்னிடம் மறைத்தது முறையன்று. இப்போது பூரண குணம்தானா?

திண்டுக்கல் தனி மாவட்டமாகிவிட்டதைச் செய்தித்தாளில் வாசித்து உன் அண்ணனுக்கு விளக்கினேன். இனி ஒவ்வொரு மனுவுக்கும் மதுரைக்குப் போக வேண்டிய அவசியமில்லை. வேலைவாய்ப்பு அலுவலகமும் உன் அறைக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். நீ படிப்பை முடித்ததும் அங்கே பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். அரசு உத்தியோகத்துக்கு அதுவே வாசல்.

தோட்டத்தில் காய் நல்ல பிடிப்பு. முத்துச்சாமி அண்ணன் காய் ஒடிக்க ஆள் தேடினார். எனக்குப் பழக்கமான மரங்கள் என்பதால் நானே போய்வருகிறேன். நாளொன்றுக்கு ஐந்து ரூபாய் தருகிறார். மற்றப் பெண்கள், "ஏத்தா, ஒன் தோட்டத்துல ஒனக்கே கூலியா? கணக்கு ரொம்ப நல்லாருக்கே" என்று கேலி செய்கிறார்கள். முருங்கை வலுவில்லாத மரம், பழகாத கை இழுத்தால் கிளையோடு வந்துவிடும் என்று அவர்களுக்கு விளக்கினேன்.

தீபாவளிக்கு நீ வர வேண்டாம். பேருந்துச் செலவு வீண். ஐம்பது ரூபாய் மணியார்டர் அனுப்பியிருக்கிறேன். ஒரு சேலை எடுத்துக்கொள்.

நலம் நாடும்,
பொ. சோலையம்மாள்


பேகம்பூர்,
2-2-1986

மதிப்பிற்குரிய மதினிக்குக் கனகாவின் வணக்கம்.

நான் சுகம். நீங்களும் அண்ணனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் எழுத மூன்று மாதம் ஆகிவிட்டது. நீங்கள் உங்கள் தோட்டத்திலேயே கூலிக்குப் போவதாக எழுதியிருந்தீர்கள். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

தை பிறந்ததிலிருந்து காலையில் இரண்டு மணி நேரம் நூர் முகமது ஐயாவின் நிலையத்துக்குப் போகிறேன். சம்பளம் இல்லை. வேலை பழகிக்கொள்ளத்தான். ரத்தம் எடுக்க நரம்பு தேடுவது எப்படி என்று கற்றுத் தருகிறார். "கண்ணால தேடாத. வெரலால தேடு" என்கிறார். முதல் நாள், "எந்தக் காலேஜ்மா?" என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு, "சரி, அது பாட்டுக்கு அது இருக்கட்டும். நீ கையப் பழக்கு. கை பழகிருச்சுன்னா அத எவனும் பிடுங்க முடியாது" என்றார்.

மதினி, ஒரு உதவி. கல்லூரியின் விளக்கப் புத்தகம் உங்களிடம்தானே இருக்கிறது? அதைத் தபாலில் அனுப்ப முடியுமா? முதற் பக்கத்தில் ஒரு சொல்லைப் பார்க்க வேண்டும்.

அண்ணனுக்கு வணக்கம்.

கனகா


எரியோடு,
20-2-1986

கனகாவுக்கு மதினி எழுதுவது. இருவரும் நலம். உன் நலமும் அவ்வாறே ஆகுக.

விளக்கப் புத்தகத்தை அனுப்ப இயலாது. அது ஒத்திப் பத்திரத்துடன் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. தபாலில் தவறிவிட்டால் மீண்டும் கிடைக்காது. எனினும் நீ வேண்டுவதற்கு இணங்கி, முதற் பக்கத்து வாக்கியங்களை ஓர் எழுத்தும் பிசகாமல் என் கையால் பிரதி எடுத்துத் தனித் தாளில் இத்துடன் வைத்திருக்கிறேன்.

எந்தச் சொல்லில் உனக்கு ஐயம் என்று நீ எழுதவில்லை. அகராதி என்னிடம் இருக்கிறது. கேட்டிருந்தால் பொருள் எழுதியிருப்பேன். யாரோ உன் மனத்தைக் குழப்புகிறார்கள் என்று தோன்றுகிறது. இங்கும் அதே கதைதான். சென்ற வாரம் உன் அண்ணன் சந்தையிலிருந்து வந்து, "இந்தா பாரு, மெட்ராஸ்ல கேட்டாத்தான் இந்தக் காலேஜு நெசமா, பொய்யான்னு தெரியுமாம்ல" என்றார். இந்த ஊரில் முப்பது பேருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் பத்தொன்பதுக்குப் பதில் வந்திருக்கிறது. எனக்குத் தெரியாததைச் சந்தையில் நிற்பவர்கள் சொல்லித் தருகிறார்கள்.

மெட்ராஸையே கேட்டுவிடுகிறேன். பதில் வந்ததும் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டுவதாக இருக்கிறேன்.

நலம் நாடும்,
பொ. சோலையம்மாள்


எரியோடு,
3-3-1986

பெறுநர்: இயக்குநர் அவர்கள், மருத்துவத் துறை, சென்னை.

மேன்மை தங்கிய ஐயா,

அடியேன் ஐந்தாம் வகுப்பு வரை மட்டுமே பள்ளி சென்றவள் எனினும், தமிழில் எழுதப்பட்ட எதனையும் பிறர் உதவியின்றி வாசித்துப் பொருள் கொள்ளும் ஆற்றல் உடையவள் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

என் நாத்தனார் செல்வி கனகா என்பவர் திண்டுக்கல்லில் இயங்கும் ஒரு நிறுவனத்தில் ஈராண்டு மருத்துவ ஆய்வக நுட்பப் பட்டயம் பயின்று வருகிறார். அந்நிறுவனத்தின் பெயரும், அதன் விளக்கப் புத்தகத்தில் கண்ட பதிவு எண்ணும் இணைப்பில் உள்ளன. இந்நிறுவனம் அரசின் பதிவு பெற்றிருப்பதால் இதன் பட்டயம் அரசு உத்தியோகத்துக்கு உரியதே என்று நான் கொண்டுள்ள கருத்தைத் தாங்கள் ஒரே ஒரு வரியில் உறுதிசெய்து அருள வேண்டுகிறேன். ஐயுறுவோர் வாயை அடைப்பதற்கு அதுவே போதுமானதாகும்.

தங்கள் உண்மையுள்ள,
பொ. சோலையம்மாள்


சென்னை,
11-8-1986

பார்வை: தங்களது 3-3-86 நாளிட்ட மனு.

பார்வையில் காணும் மனு தொடர்பாகக் கீழ்க்கண்டவாறு தெரிவிக்கப்படுகிறது. மனுவில் குறிப்பிடப்பட்டுள்ள எண், சங்கங்களின் பதிவுச் சட்டத்தின்கீழ் ஒரு சங்கமாகப் பதிவு செய்யப்பட்டதற்கான எண் ஆகும். மேற்படி நிறுவனத்திற்கோ, அது நடத்தும் பட்டயப் படிப்பிற்கோ இத்துறையின் அங்கீகாரம் வழங்கப்படவில்லை. எனவே மேற்படி பட்டயம் அரசுப் பணிக்கான தகுதியாகக் கருதப்பட மாட்டாது.

இயக்குநருக்காக
(ஒப்பம் தெளிவில்லை)


பேகம்பூர்,
24-8-1986

மதிப்பிற்குரிய மதினிக்குக் கனகா எழுதுவது.

நான் நலம். உங்கள் இருவர் நலத்துக்கும் கடவுளை வேண்டிக்கொள்கிறேன்.

காலை முதல் மாலை வரை வேலை சரியாக இருக்கிறது. அதனால்தான் கடிதம் எழுத நேரம் வாய்க்கவில்லை. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. மழை இல்லை. ஜெய்தூன் அம்மா ஆடு ஒன்று வாங்கியிருக்கிறார். அது மாடிப்படி ஏறி வந்து என் நோட்டுப் புத்தகத்தில் பாதியைத் தின்றுவிட்டது. "படிச்ச ஆடும்மா, இனி இத அறுக்க மனசு வராது" என்கிறார்.

மெட்ராஸிலிருந்து ஏதும் பதில் வந்ததா மதினி? சும்மாதான் கேட்டேன். வராவிட்டாலும் பரவாயில்லை.

அண்ணன் என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா?

கனகா


எரியோடு,
10-9-1986

கனகாவுக்கு மதினி எழுதுவது. நலம். நலமறிய ஆவல்.

மெட்ராஸ் குறித்துக் கேட்டிருந்தாய். அலுவலகங்களில் ஆயிரம் வேலை இருக்கும். அதை விடு.

விளக்கப் புத்தகத்தின் ஆறாம் பக்கத்தில், இறுதித் தேர்வுக் கட்டணம் ரூபாய் ஆயிரத்து ஐநூறு ஐப்பசி மாதத்துக்குள் செலுத்தப்பட வேண்டும் என்று கண்டிருக்கிறது. நீ அதைப் பற்றி எழுதவே இல்லை. கையில் மீதம் ஏதும் இல்லாததால் முத்துச்சாமி அண்ணனிடம் பேசினேன். அவர் மேற்கொண்டு ஒத்திக்குத் தர மறுத்துவிட்டார். "கிரயமாப் பேசு தங்கச்சி, மேல ஆயிரத்தி ஐநூறு தாரேன். ஒத்தியில இனி ஒரு ரூவாயும் ஏறாது" என்றார். சம்மதித்துவிட்டேன். அடுத்த மாதம் மூன்றாம் தேதி கிரயப் பத்திரம் எழுதி நிறைவேற்றுவதாக ஏற்பாடு. மொத்தம் எட்டாயிரத்து ஐநூறுக்கு நிலம் அவருக்கு உரிமையாகும்.

உன் அண்ணனுக்கு இன்னும் தெரிவிக்கவில்லை. நிலம் என் பெயரில் இருப்பதால் அவர் ஒப்பம் தேவையில்லை.

இதில் வருந்த ஏதுமில்லை. ஒத்தியில் இருக்கும் நிலம் கண்ணுக்கு முன்னால் இருந்தாலும் கைக்கு உதவாது. நீ தேர்வை எழுதி முடி.

பொ. சோலையம்மாள்


பேகம்பூர்,
13-9-1986

மதினிக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னியுங்கள். இன்று மதியத் தபாலுக்குள் இதைச் சேர்க்க வேண்டும். நீங்கள் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடக்கூடாது. போடவே கூடாது.

நான் ஆனி மாதத்தோடு கல்லூரியிலிருந்து நின்றுவிட்டேன். இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்கு நீங்கள் அனுப்பிய இரண்டாயிரத்து ஐநூறை நான் கட்டவில்லை. அஞ்சலகச் சேமிப்பில் போட்டிருக்கிறேன். புத்தகம் ஜெய்தூன் அம்மாவின் அலமாரியில் இருக்கிறது.

அந்தப் பட்டயத்துக்கு அரசு வேலை கிடைக்காது மதினி. நூர் முகமது ஐயா முதல் நாளே தெரிந்துகொண்டார், சொல்ல மனம் வரவில்லை. நீங்கள் முதற் பக்கத்தைப் பிரதி எடுத்து அனுப்பினீர்களே, அதைக் காட்டிய பிறகுதான் சொன்னார். நான் நம்பாமல் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கே போனேன். உங்கள் கையெழுத்தில் இருந்த தாளை எழுத்தரிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு, "கையெழுத்து முத்து மாதிரி இருக்கு, யாரும்மா எழுதுனது?" என்று கேட்டார். எங்கள் மதினி என்றேன். "பதிவு வேறம்மா, அங்கீகாரம் வேற. நாலு பேரு சேந்து சீட்டுக்கட்டு வெளையாட ஒரு கிளப்பு வச்சாலும் அதுக்கும் பதிவு எண் குடுப்பாக. போ தாயி, அழுகாத" என்றார். நான் அழவில்லை. ஏன் அப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை.

அது பங்குனி மாதம். அதற்குப் பிறகும் மூன்று மாதம் கல்லூரிக்குப் போய் வரிசையில் நின்று நுண்ணோக்கியைப் பார்த்தேன். உங்களுக்கு எழுத உட்கார்ந்தால் கை ஓடாது. தப்பு என்னுடையதுதான். சேர்ந்த அன்றே யாரிடமாவது விசாரித்திருக்க வேண்டும். பிளஸ் டூ படித்தவள் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனியிலிருந்து ஐயாவின் நிலையத்தில் முழுநேர வேலை. மாதம் இருநூற்று எழுபத்தைந்து. அவருக்கும் அதற்கு மேல் முடியாது. வாடகை, சாப்பாடு போக இதுவரை காய்ச்சலின்போது வாங்கிய கடனை அடைத்தேன். இனி மாதம் நூறு மிச்சம் பிடிக்க முடியும். ஏழாயிரத்தில் இரண்டாயிரத்து ஐநூறு இருக்கிறது. பாக்கி நாலாயிரத்து ஐநூறு. நாற்பத்தைந்து மாதம். கெடு முடிய இன்னும் இருபத்தொரு மாதம்தான் இருக்கிறது. முத்துச்சாமி அண்ணனிடம் கெடுவை நீட்டித் தரக் கேளுங்கள். மகசூல் அவருக்குத்தானே போகிறது, மறுக்க மாட்டார்.

அண்ணனிடம் என்ன சொல்வது என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். நான் பாடத்தில் தோற்றுவிட்டேன், அதனால் நின்றுவிட்டேன் என்று சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

கனகா


எரியோடு,
2-10-1986

கனகாவுக்குச் சோலையம்மாள் எழுதுவது.

நாங்கள் இருவரும் நலம். உன் மடல் கிடைத்துப் பதினைந்து நாட்களுக்கு மேலாயிற்று. தினமும் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

இத்துடன் சென்னையிலிருந்து வந்த பதிலை வைத்திருக்கிறேன். தேதியைப் பார். ஆடி மாதக் கடைசியில் அது என் கைக்கு வந்துவிட்டது. நீ ஆவணியில் கேட்டபோது அது டிரங்குப் பெட்டியில் இருந்தது. அலுவலகங்களில் ஆயிரம் வேலை இருக்கும் என்று உனக்கு எழுதியபோதும் அங்கேதான் இருந்தது.

ஆகையால் தப்பு உன்னுடையது என்று நீ எழுதியிருப்பதை நான் ஏற்க முடியாது. அந்த வாக்கியத்தை வாசித்தவள் நான். அதற்குப் பொருள் சொன்னவளும் நான். பத்திர அலுவலகத்து வாசலில் நின்றுகொண்டு பதிவுக்கு மேல் என்ன இருக்கிறது என்று கேட்டவளும் நான். நிலம் வைத்திருக்கும் எங்களுக்குப் பதிவே முடிவான சொல். வேறு இடங்களில் அது தொடக்கம்கூட இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை. அகராதியில் இரண்டு சொற்களையும் பார்த்தேன். இரண்டுக்கும் பொருள் தெளிவாகவே எழுதியிருக்கிறது. தெரிந்த சொல் என்று நினைத்ததால் நான் அதைத் தேடியதே இல்லை.

இன்னொன்றையும் நீ அறிய வேண்டும். அந்தப் பட்டயம் எதற்கும் உதவாது என்று தெரிந்த பிறகுதான் நான் கிரயத்துக்குத் தேதி குறித்தேன். நீ தேர்வெழுதித் தேறிவிட்டால், வேலை கிடைக்காததற்கு உலகத்தின் மேல் பழி சொல்லிக்கொள்ளலாம் என்று எண்ணினேன். தவறாக வாசித்துவிட்டேன் என்று உன் அண்ணனிடம் சொல்வதைவிட, அறுபது சென்ட்டைக் கொடுத்துவிடுவது எனக்குச் சுலபமாகத் தோன்றியது. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. காய் ஒடிக்கப் போகிறேன், வருகிறேன், சமைக்கிறேன்.

நேற்று முன்தினம் அவரிடம் சொல்லிவிட்டேன். கிணற்றடி மோட்டார் அறையில் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். நின்றவாறே, "பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. நான் தவறாகப் பொருள் கொண்டேன்" என்றேன். அவர் திரும்பவில்லை.

"எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"மெட்ராஸ்லருந்து கவரு வந்திருக்குன்னு தபால்காரன் அன்னைக்கே சொன்னான். நல்ல சேதியா இருந்தா நீ ஊரக் கூட்டி வாசிச்சிருப்ப. வாசிக்கல. அம்புட்டுத்தான்."

"ஏன் என்னிடம் கேட்கவில்லை?"

"கேட்டா என்ன ஆகப்போகுது? நீயா சொல்லட்டும்னு இருந்தேன்." பிறகு பெல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, "கெரயப் பேச்ச முத்துச்சாமியே சொல்லிட்டான். நேத்தே அவன்கிட்டப் பேசிட்டேன். கெரயம் வேணாம். ரெண்டு வருஷம் சேத்து மகசூல எடுத்துக்கிறட்டும். பிள்ளைக்குச் சோறு தண்ணியெல்லாம் ஒழுங்காக் கெடைக்குதா, அதக் கேளு" என்றார்.

கேட்டுவிட்டேன். பதில் எழுதுவாயாக.

அஞ்சலகத்தில் உள்ள இரண்டாயிரத்து ஐநூறு அங்கேயே இருக்கட்டும். முழுத்தொகையும் சேரும்போது மொத்தமாகக் கட்டிக்கொள்ளலாம். தீபாவளிக்கு ஊருக்கு வா. உன் அண்ணன் அதைச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

சோலையம்மாள்


(மணியார்டர் படிவத்தின் அடித்துண்டில் எழுதியது)

5-11-1986

மதினி, ரூபாய் நூறு. முதல் மாதம். சோறு நன்றாகக் கிடைக்கிறது என்று அண்ணனிடம் சொல்லுங்கள். ஊருக்கு வர முடியவில்லை, பண்டிகை நாளிலும் நிலையம் திறந்திருந்தது. நேற்று பதினொரு பேருக்கு ரத்தம் எடுத்தேன். ஒருவரும் வலித்தது என்று சொல்லவில்லை. இடம் முடிந்துவிட்டது. கனகா.